நீக்கப்பட்ட பதிவு

கெண்ட் ரிட்ஜில் மூன்றாம் மாடி,
சன்னல் இல்லாத அறை.
குழந்தை முகங்களை எண்ணாக்குவது என் வேலை.
உதடு பிதுங்கினால் இரண்டு,
வாய் திறந்து அழுதால் நான்கு,
வேறெங்கோ பார்த்தால் ஒரு சிறு கோடு.

தாய் முதலில் சிரித்துப் பேசுவாள்.
மணி அடித்ததும்
இரண்டு நிமிடம் அவள் சுவராக வேண்டும்.
ஆறு மாதப் பிள்ளை அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கும்:
ஒரு சிரிப்பு, காலையில்கூடப் பலித்த அதே சிரிப்பு,
பிறகு ஒரு ‘ங்கா’,
பிறகு இருக்கையைக் காலால் ஓர் உதை.
சில பிள்ளைகள்
தம் விரலையே பார்த்துக் காத்திருக்கக் கற்றுவிட்டவை.
அவற்றுக்கு எண் போட்டு முடிப்பதற்குள்
என் டீ ஆறிவிடும்.

அறுபத்து மூன்று உதைக்கவில்லை.
கையை நீட்டியது.
நீட்டியபடியே வைத்திருந்தது.
எழுபத்தோராம் நொடியில் தாய் உடைந்தாள்.
“ஐயோ என் பட்டு, அம்மா இங்கதான் இருக்கேன்”,
வாரை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டாள்.
விதிப்படி அந்தப் பதிவு செல்லாது.
நீக்கினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
‘தாய்’ என்று மட்டும் எழுதினேன்.

மற்றவர்கள் இரண்டு வயதில் திரும்பி வந்தார்கள்.
முன்பின் தெரியாத இரு பிள்ளைகள், ஒரே ஒரு பொம்மை லாரி,
கண்ணாடிக்குப் பின்னால் நான்.
அன்று அழுததற்கும் இன்று விட்டுக்கொடுப்பதற்கும் நடுவே
வரைபடத்தில் ஒரு கோடு சாய்ந்தது.
சற்றே.
பேராசிரியர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நேற்று புக்கிட் பாஞ்சாங்கில்,
என் புளோக்கின் கீழே விளையாட்டிடம்.
மழை விட்டு ரப்பர் தரையெல்லாம் ஈரம்.
“நிறைமதி, தள்ளாதே!”
காதில் ஹெட்போன் மாட்டி
ஒன்பது முறை கேட்ட குரல்.

தள்ளிவிட்டிருந்தாள்.
பச்சைச் சட்டைப் பையன் ஈரத்தில் உட்கார்ந்து அழ,
அவள் ஏறினாள், சறுக்கினாள்,
இன்னொரு முறையும் சறுக்கினாள்.
பிறகுதான் வந்தாள்.
பிஸ்கட் இல்லை, மன்னிப்பு இல்லை.
கையை நீட்டினாள்.
நீட்டியபடியே வைத்திருந்தாள்.

அவன் பிடிக்கவில்லை.
மேலே எல்ஆர்டி கடந்து போகும்வரை பிடிக்கவில்லை.
பழக்கம், நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது.
அதற்குள் அவள் தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
பக்கத்து வீட்டுக்காரி யாரோ என்று நினைத்து.

பதிலுக்குச் சிரிக்க
எனக்கு எத்தனை நொடி ஆயிற்று என்று
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.