நாற்பத்தெட்டுக்குக் கீழே

தார்த்து, ஜனவரி, மணி இரண்டு இருபது.
எமாயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
என் திரை மட்டும் இமைக்கிறது.

கேபிளை மாற்றியாயிற்று.
கர்னலைப் புதுப்பித்தாயிற்று.
எக்ஸார்கை விட்டு வேலண்டுக்குக் குடிபெயர்ந்தும்
சாம்பல் நிறம் வந்தால் போதும்,
சாகப்போகிற டியூப்லைட்டின் நடுக்கம்.
விளையாட்டில் அல்ல, வெறும் டெர்மினலில்:
மவுஸை அசைத்தால் ஒரு வெளிச்சம்,
கையெடுத்தால் இன்னொன்று.

பழைய திரை யாருக்கும் நிற்காது.
நொடிக்கு அறுபது தடவை
பஸ் மாதிரி கிளம்பிவிடும்,
பாதிப் படம் ஏறியிருக்க
மீதி தெருவில் நிற்கும்.
இதுவோ காத்திருக்கப் பழகியது.
நாற்பத்தெட்டு வரை பொறுக்கும்;
அதற்கும் கீழே போனால்
அதே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும்.
அந்தச் சமாளிப்புதான் கண்ணை உறுத்துகிறது.

லீவி போர்வையோடு எழுந்து வந்தாள்.
"ஒன்றும் தெரியலையே."
நேராகப் பார்க்காதே, ஓரக்கண்ணால் பார்.
பார்த்தாள்.
"அட, ஆமாம்."

அமைப்புகளில் 'எப்போதும்' என்றிருந்ததைத்
'தானாக' என்று மாற்றினேன்.
நின்றுவிட்டது, என்றேன்.
இல்லை, என்கிறாள்.
மணி மூன்றரை.
விளக்கை அணைத்துவிட்டு
இருவரும் ஒரு சாம்பல் செவ்வகத்தை
ஓரக்கண்ணால் முறைத்துக்கொண்டிருக்கிறோம்.