முப்பத்தொன்று

மதியம் இரண்டரைக்கே இருட்டிவிட்டது.
உமேயோவில் டிசம்பர் அப்படித்தான்,
சூரியன் வருகைப் பதிவேட்டில்
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

எண்டோஸ்கோபி அறையிலிருந்து
தாழ்வாரம் நெடுக ஓடி வருகிறேன்.
கையில் பனிக்கட்டியில் புதைத்த குப்பி.
அதற்குள் யாரோ ஒருவரின் பெருங்குடலில் கிள்ளிய
நான்கு துணுக்கு,
ஊறிய பச்சரிசி அளவுதான் ஒவ்வொன்றும்.
பெயர் கிடையாது. முப்பத்தொன்று.

கண்ணாடி அறை இரண்டு, நடுவே ஒரு துளை.
துளையின் மேல் முப்பத்தொன்றை விரிக்கிறேன்.
இந்தப் பக்கம் உடம்பு.
அந்தப் பக்கம் உலகம்.
உலகமேதான்:
வாயில் தொடங்கி அடியில் முடியும் அந்தக் குழாய்
உடம்பின் நடுவே ஓடும் பொதுத் தெரு.
தின்ற ரொட்டி, குடித்த காப்பி எதுவுமே
சுவர் தாண்டும்வரை
உள்ளே வந்ததாகக் கணக்கில்லை.
அகத்துக்கும் புறத்துக்கும் இடையே
ஒரே ஒரு செல் கனம்.

செல்லும் செல்லும் தோள் ஒட்டி நிற்கும்.
ஒட்டிய இடத்தில் ஒரு தையல்,
நெகிழவும் தெரிந்த தையல்:
உப்பையும் தண்ணீரையும் போகவிட்டு
மற்றதைப் பார்த்து முறைக்கும்.
அது எவ்வளவு இறுக்கம் என்று
ஓம் கணக்கில் கேட்டுச் சொல்லத்தான்
எனக்குச் சம்பளம்.

முப்பத்தேழு டிகிரி. ஆக்சிஜன் குமிழ் ஏறுகிறது.
ஆளைப் பிரிந்தும் இரண்டு மணி நேரம் உயிரோடிருக்கும்.
அந்த இரண்டு மணி நேரமும்
நாற்காலியை விட்டு எழ முடியாது.
எனக்கும் அவசரம் வரும்.
யாரிடம் சொல்ல?

மார்ச்சில், பனி அழுக்காகத் தொடங்கிய வாரம்,
எண்களுக்குரிய ஆட்களின் பட்டியலைத் திறந்தார்கள்.
திரையில் இரண்டு மேகம்,
எரிச்சல் குடல்காரர்கள் முப்பது, நலமானவர்கள் முப்பது.
நோயாளிகளின் மேகம் சற்றே கீழே சாய்ந்திருந்தது.
கசிகிறது பார் என்று
பேராசிரியர் எர்லாண்ட் மேசையைத் தட்டினார்.
சற்றேதான்.
பாதிக்கு மேல் ஒன்றன் மடியில் ஒன்று கிடந்தது.

நான் முப்பத்தொன்றைத் தேடினேன்.
உச்சியில், தனியாக, ஒரு புள்ளி.
நான் அளந்ததிலேயே இறுக்கமான சுவர்.
ஆள்: பேருந்து ஓட்டுநர். நாற்பத்தாறு வயது.
பதினொரு வருட நோய்.
வலி, பத்துக்கு எட்டு.
வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் என்ற கட்டத்தில்
நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்:
‘என் தடத்தில் ஒன்பது கழிப்பறை.
இரண்டின் சாவி என்னிடம்.
ஒன்று பூக்கடைக்காரி கொடுத்தது.’

விலகிய புள்ளி, என்றார் எர்லாண்ட்.
சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள்.
சுவர் இதோ, திடமாக இருக்கிறது.
எழுதியிருப்பதுதான்
எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

முடிவைக் கேட்டுப் போக வந்திருந்தார்.
அவரை நான் பார்க்கவில்லை.
செவிலி மை-லிஸின் அறைக்கும் எனக்கும் நடுவில்
பலகைத் தடுப்பு, அது நன்றாகவே கசியும்.
‘சுவர் நன்றாக இருக்கிறதா?’
மௌனம்.
‘அப்படியானால் என்னைக் குடைவது எது?’
மை-லிஸ் காப்பி வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம், என்றது குரல்,
காப்பி ஆகாது.

இரவு எட்டரை. வீட்டுக்குப் போகும் பேருந்து
நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்றது.
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, இருக்கை காலி.
சாத்திய பூக்கடையின் பக்கக் கதவு
திறந்து மூடியது.
பையன் ஒருவன் சீட்டியடித்தான்.
நான், பழக்கதோஷம், நொடிமுள்ளைப் பார்த்தேன்.
ஆறு நிமிடம் நாற்பது.

திரும்பி வந்து ஒலிவாங்கியில்
மன்னித்துக்கொள்ளுங்கள் என்றபோது
அந்தக் குரல்.

அந்த மனிதர் அறியாத ஒன்று எனக்குத் தெரியும்,
குமிழிகளுக்கு நடுவே
இளஞ்சிவப்பாக அது இருந்த விதம்.
பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து இருக்கைக் கிழவர்
என் பக்கம் சாய்ந்தார்.
தினமும் இப்படித்தான், ஏன் நிற்கிறான் தெரியுமா உனக்கு?

சாலை வழுக்குகிறது, என்றேன்.