நூல் குறைவு

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில்
எதிர்வண்டிக்காக நின்ற பதினாறு நிமிடத்தில்
கம்பிவேலியில் காய்ந்து தொங்கிய கொடியிலிருந்து
கிள்ளி எடுத்தவை.
பூவைப் பார்க்கவில்லை.
சருகுக் காய்க்குள் நாலு நாலாய்
பட்டை பிடித்த கறுப்பு விதைகள்.
டிக்கெட்டில் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்.
வீரவநல்லூரில் எண்ணியபோது பதினொன்று.
ஒன்று எங்கோ தண்டவாளத்துப் பக்கம் இறங்கிவிட்டது.

கல் மாதிரித் தோல்.
அப்படியே ஊன்றினால் வருஷக்கணக்கில் தூங்குமாம்.
பீடி இலை வெட்டும் கத்தரியின் நுனியால்
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கீறல்,
வெள்ளை தெரிகிற அளவு,
அதற்குமேல் இல்லை.
இருபத்திரண்டு வருஷமாக இலை வெட்டுகிற கைக்கு
அந்த அளவு தெரியும்.

ராத்திரி முழுக்க டம்ளர் தண்ணீரில்.
விடிந்தபோது ஏழு உப்பி அடியில் கிடந்தன.
மிதந்த நாலையும் எறிய மனமில்லாமல் ஊன்றினேன்.
வரவில்லை.
எறிந்திருக்கலாம்.

ஆற்று வண்டல், ஆட்டுப் புழுக்கை,
அடியில் ஓட்டை போட்ட பாமாயில் டின்.
முளைத்த ஏழில் மூன்றைக் கோழி கொத்தியது.
ஒன்று தன் விதைத்தோலைக் கழற்றத் தெரியாமல்
தலையில் தொப்பியோடே அழுகியது.
ஒன்றை நானேதான் ஒடித்தேன்,
குடத்தோடு திரும்பும்போது, சேலை பட்டு.
மிச்சம் இரண்டு
பிடிக்க ஏதுமில்லாமல் காற்றைத் துழாவின.

"சுவத்துல ஆணி அடிக்கப்படாது"
சாவி தரும்போதே சொல்லியிருந்தாள் சண்முகவடிவு.
ஆகவே நூல்.
ஜன்னல் கம்பியிலிருந்து மாடிக் குழாய் வரைக்கும்
ரோஸ் நிறப் பீடி நூல், மூன்று இழை முறுக்கி.

நான் பீடிக்குச் சுற்றுகிற திசைக்கு
நேர் எதிராக ஏறியது கொடி.
ஒரு சாயங்காலம் பிரித்தெடுத்து
என் பக்கமாய்ச் சுற்றிவிட்டேன்.
காலையில் நுனி கழன்று
பழையபடி தன் பக்கம் போயிருந்தது.
சவம், போ, என்றேன்.
அன்றைக்கு ஏனோ ஆயிரம் பீடி சீக்கிரம் முடிந்தது.

ஆனிச் சாரலில் கொடி நனைந்து கனத்து
நூல் அறுந்தது.
ஆறு இழை.
பிறகு ஒன்பது.

ஆவணியில் ஒருநாள்
பால் வாங்கக் கதவைத் திறந்தால், பூ.
நீலம் என்றே நினைத்து வைத்திருந்தேன்.
இது பீட்ரூட் கழுவிய தண்ணீர் நிறம்.
கொஞ்சம் ஏமாற்றம்தான்.
பத்து மணிக்குக் கட்டுகளோடு கம்பெனிக்குக் கிளம்பும்போது
ஈரக் காகிதம்போல் சுருண்டிருந்தது.
மறுநாள் நாலு.
அதற்கு மறுநாள் எண்ணவில்லை.

காய் முற்றியதும்
ஒரு இலையில் தூளுக்குப் பதில் விதை ஏழு வைத்து
உருட்டி, தலை மடக்கி, நூல் கட்டி
ஒரு கட்டின் ஓரத்தில் செருகினேன்.
எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

செக்கர் ஆவுடைநாயகத்துக்கு
கனம் பிசகிய பீடி விரலிலேயே தட்டுப்படும்.
உருவினான். ஒடித்தான்.
மேசையில் கறுப்பாய் உருண்டன.
பின்னால் நின்ற ஜமீலத்
முக்காட்டு நுனியை வாயில் அமுக்கிக்கொண்டாள்.
அவன் நிமிரவே இல்லை.
பாஸ்புக்கில் எழுதினான்:
பீடி ஒன்று கழிவு.
நூல் பதினைந்து கிராம் குறைவு.
பிறகு பேனா மூடியால்
விதைகளை ஒவ்வொன்றாய் ஓரத்துக்குத் தள்ளி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

முதுகில் கீறி ஊன்றணும் என்று
நான் வாயெடுப்பதற்குள்
"அடுத்த ஆளு" என்றான்.