இரவு மூன்று மணிக்கு ஓ.பி. கிடையாது

முதலில் செருப்பைச் சந்தேகித்தோம்.
எழுநூறு ரூபாய்க்கு மெத்தென்று ஒன்று வாங்கி
மூன்றாம் நாளே கட்டிலுக்கடியில் போட்டேன்.
பிறகு என் எடையை.
பிறகு வயதை. நாற்பத்தொன்று.
பிறகு மாங்கூழ் கம்பெனியின் ஈரத் தரையை,
பெல்ட்டில் வரும் பெங்களூரா காய்களில்
அழுகலைப் பொறுக்கிக்கொண்டு
ரப்பர் பூட்ஸில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதை.

ஆனால் சீசன் ஆடியோடு முடிந்துவிடும்.
வலிக்கு ஆடி தெரியாது, தை தெரியாது.

"எனக்குந்தான்க்கா வலிக்குது" என்றாள் தில்ஷாத்.
"எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சா
லைனே உக்காந்துரும்."

காவேரிப்பட்டணத்தில் ஊசி.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் படம், ரத்தம், மறுபடி ரத்தம்.
நார்மல் என்று எனக்கு எழுதத் தெரியாது.
எந்தக் காகிதத்தில் எந்த மூலையில் இருந்தாலும்
கோழி தானியத்தைக் கண்டுகொள்வதுபோல்
இப்போது கண்டுகொள்கிறேன்.

எப்படி வலிக்கிறது என்று கேட்கிறார்கள்.
குத்துதா, எரியுதா, இழுக்குதா?
கணுக்காலுக்குள் யாரோ
ஈரத்துணி பிழிகிறார்கள் சார்.
சில நாள் குதிகாலுக்கடியில்
ஒரு உப்புக்கல், கரையவே மாட்டேன் என்கிறது.
"சரி, குத்துதுன்னு எழுதிக்கறேன்."

மூன்று மணிக்கு வரும் அது.
சுவரைப் பிடித்துக்கொண்டு
பாத்ரூமுக்குப் பதினொரு எட்டு.
முதல் வருடம் திம்மராயன் தைலம் தேய்த்தார்.
இரண்டாம் வருடம் எழுந்து லைட் போட்டார்.
இப்போது புரண்டு படுக்கிறார்.
குறை சொல்ல மாட்டேன்.
என் காலை நானே பாதிதான் நம்புகிறேன்.

ஒரு ராத்திரி மகளின் பேனாவை எடுத்து
வலித்த இடத்திலெல்லாம்
காலிலேயே வட்டம் போட்டேன்.
எட்டரைக்கு டோக்கன்.
டாக்டரிடம் போகப் பதினொன்றே முக்கால்.
அதற்குள் வட்டங்களை மட்டும் விட்டுவிட்டு
வலி எங்கோ போயிருந்தது.
அழுத்தினார். இங்கயா?
இல்லை.
இங்கயா?
இல்லை.
திருடிப் பிடிபட்டவள்போல்
சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டேன்.

சங்கிலியை அடகு வைத்து
சேலத்தில் பெரிய ஸ்கேன்.
அதிலும் அதே சொல், அதே மூலை.
திரும்பும் பஸ்ஸில், தொப்பூர் கணவாயில்,
பழைய எக்ஸ்ரேயை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்.
என் எலும்புகளின் சந்துகளில்
இரும்பு ஏற்றிய லாரிகள் முக்கி முக்கி ஏறின.
பின்னால் குன்று. ஒரு கொக்குகூட.
"யாரோட காலும்மா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
"யாருதோ" என்றேன்.

கடைசியாக தர்மபுரி மெடிக்கல் காலேஜ்.
எஸ்தர் என்று பேட்ஜ், சின்ன வயசு டாக்டர்.
காலைத் தொடவே இல்லை.
"வாயைத் திறங்க" என்றார்.
என் பல்லில் உள்ள பழுப்புக் கோடுகளை
டார்ச் அடித்துப் பார்த்தார்.
எங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்தப் பல்தான்,
வெள்ளையாக இருந்தால்தான் அசலூர் என்போம்.
எந்த போர் தண்ணீர்? எத்தனை வருஷமாக?
தெருவில் வேறு யாராவது நொண்டுகிறார்களா?

எண்ணத் தொடங்கினேன்.
டெய்லர் முனிரத்தினம். அவர் மச்சினி.
ரேஷன் கடையில் எப்போதும்
சாக்கு மேல் உட்கார்ந்தே வரிசையில் நகரும் சின்னபாப்பா.
ஐந்தாவது ஆளோடு விரலை மடக்குவதை நிறுத்தினேன்.

"இதுவா இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
தண்ணியும் யூரினும் டெஸ்ட்டுக்குப் போகணும்,
மூணு வாரம் ஆகும்" என்றார்.
சீட்டில் தமிழிலேயே எழுதினார்:
தண்ணீர்?
மூன்று வருடமாய் நான் கேட்டதை
அன்றுதான் இன்னொருவர் கையெழுத்தில் பார்த்தேன்.

சாயங்காலம் ஒரு பாட்டிலை
மூன்று தடவை அலசி, போரில் பிடித்து
மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தேன்.
கண்ணாடி மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு வந்தது.
பதினொரு எட்டு. திரும்பப் பதினொன்று.
நாக்கு வறண்டிருந்தது.
குடத்தில் ஒரு சொம்பு மொண்டு
லைட்டுக்கு நேராக ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு
குடித்தேன்.