குமிழி இல்லாத குப்பி

ஈசூன். பதினோராம் மாடி.
சுபைதாவின் சமையலறைக் குழாயைத் திறந்து
ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன்.
அவர் பதறி ஒரு வாளியை நீட்டுகிறார்.
இரவெல்லாம் குழாயில் உறங்கிய நீர் வேண்டாம்,
இப்போது நடந்து வருகிற நீர்தான் வேண்டும்
என்று விளக்க என் மலாய் போதாது.
வாளியை வாங்கி அடியில் வைக்கிறேன்.

குப்பி நாற்பது மில்லி.
விளிம்புக்கு மேலே நீர்
மூடிய இமைபோலப் புடைக்கும்வரை நிரப்பவேண்டும்.
மூடித் தலைகீழாய்க் கவிழ்த்து,
நகத்தால் ஒரு தட்டு.
குமிழி எழுந்தால் போச்சு.
தேடி வந்தது அந்தக் காற்றுக்குள் ஏறி
ஒளிந்துகொள்ளும்.
இன்னொரு குப்பி.
மூன்றாவதில்தான் எழவில்லை.

இலைதான் ஆரம்பம்.
நீர்த்தேக்கத்தின் ஓரம் ஏதோ ஒரு மரம்
மழையில் உதிர்த்தது,
ஊறி, சாயம் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத தேநீராகி
குளோரினுக்கு எதிர்ப்படுகிறது.
கிருமியைக் கொல்ல வந்தது
வழியில் கண்ட இலைச்சாற்றையும் விடுவதில்லை.
பிறப்பவற்றுக்கு நாக்குச் சுளுக்கும் பெயர்கள்:
டிரைஹாலோமீத்தேன், ஹாலோஅசெட்டிக் அமிலம்.
அறிக்கையில் பிழையில்லாமல் எழுதுவேன்.

தண்ணீர் கேனா? என்கிறார் சுபைதா.
கேன், கேன், என்கிறேன்.
பொய்யில்லை.
போன முறை எண் வரம்பில் கால்வாசிகூடத் தொடவில்லை.
வரம்பு போட்டவர்கள் ஒருவரை மனத்தில் வைத்துப் போட்டார்கள்:
எடை அறுபது கிலோ,
நாளுக்கு இரண்டு லிட்டர்,
ஆயுள் முழுக்க.
நான் அவரைச் சந்தித்ததில்லை.
அவர் வயிற்றில் யாரும் இல்லை.

எனக்கு இருபத்திரண்டு வாரம்.
ஹீட்டர் போட்டுக் குளிக்கையில் ஜன்னலைத் திறந்துவைக்கிறேன்;
ஆவியாவது மூச்சிலும் ஏறும்.
எதிர் புளோக்கில் பார்ப்பார்கள் என்கிறான் தயாளன்.
பார்க்கட்டும்.
கருவுக்கு ஆகாது என்கின்றன சில ஆய்வுகள்,
ஒன்றுமில்லை என்கின்றன சில,
இன்னும் ஆராயவேண்டும் என்ற வரியில்
முடிந்துவிடுகின்றன பல.
அந்த வரியை நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

குளோரின் காணாத நீரில்
பேதி கண்டு மூன்றே நாளில் போனவர்களுக்கு
உலகில் கணக்கே இல்லை.
தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில்
எனக்குச் சந்தேகமும் இல்லை.
ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது.

வாளி நிறைந்துவிட்டது.
சுபைதா அதில் நீல மருந்து நான்கு சொட்டு விடுகிறார்.
மீனுக்கு, என்கிறார்.
தொட்டியில் ஒற்றைச் சண்டைமீன்
கண்ணாடியில் தன்னையே முறைத்துக்கொண்டிருக்கிறது.
பிறகு என் வயிற்றைப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு,
இதே குழாய் நீரைக் காய்ச்சி
முடிச்சிட்ட பண்டான் இலை போட்டு ஆறவைத்த ஜாடியிலிருந்து
ஒரு கிளாஸ் ஊற்றித் தருகிறார்.

இலை.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
காரணம் கேட்கிறார்; சொல்ல மலாயில் சொல் இல்லை,
தமிழிலும் இருக்குமா தெரியவில்லை.
வெயில் கொளுத்துகிறது, இன்னும் ஆறு வீடு பாக்கி.
இரண்டு கிளாஸ் குடித்தேன்.