பின்சீட்டில் உருளைக்கிழங்கு

மிலோஸ்லாவிடம் எதையும் குறை சொல்லக்கூடாது.
சொன்ன வாய் மூடுமுன்
ஸ்பானரோடு நிற்பான்.

இடுப்பு கழன்றுவிட்டது என்றேன்,
ஷும்பெர்க் ஊர் தாண்டும்போது.
மறுநாள் எங்கள் ஜாவாவின் சீட்டு
கொட்டகை மேசையில் தோலுரிந்து கிடந்தது.
ரொட்டிக் கத்தியால் பழைய நுரையை அரிந்து எடுத்தான்.
மருத்துவமனை ஏலத்தில் வாங்கிய,
படுக்கைப்புண் வராமலிருக்க விரிக்கும் ஜெல் மெத்தையை
வெட்டிப் பதித்தான்.
மேலே ஆட்டுத்தோல்.

அது ஒருமுறை மழையில் நனைந்தது.
மூன்று வாரம்
செத்த ஆட்டின்மேல் ஏறித்தான்
தங்கை வீட்டுக்குப் போய்வந்தேன்.

கால் தொங்குகிறது என்றேன்.
கால்தாங்கியை நாலு விரற்கடை இறக்கி
தகடு கொடுத்துப் பற்றவைத்தான்.
இறக்கிய இடத்தில் சைலன்சர் இருந்தது.
என் கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது
தீய்ந்த நாணயம் ஒன்று.
உடனே அதற்கொரு தடுப்பு.
கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுடும் தட்டு
எங்கே போனதென்று
எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

முதுகுக்கு,
ஒலோமோட்ஸ் நகரில் உடைத்துப்போட்ட டிராமின் இருக்கை.
சிவப்பு பிளாஸ்டிக்.
அதில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்:
ஹெட்விகா, மன்னித்துவிடு.
முப்பது கிலோமீட்டர்
எனக்கில்லாத ஒரு மன்னிப்பில் சாய்ந்துகொண்டு போனேன்.
வசதியாகத்தான் இருந்தது.

சஸ்பென்ஷனைச் சோதிக்க என்னைக் கூப்பிடவில்லை.
அறுபத்தெட்டு கிலோ,
என் எடை, அவனாகப் போட்ட கணக்கு,
உருளைக்கிழங்கு மூட்டையாகக் கட்டி
மலைக் கணவாய் வரை ஏற்றி இறக்கினான்.
"ஒரு முனகல் இல்லை" என்றான்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே.

அன்றிரவு சூப்புக்குத் தோல் சீவினேன்.
ஒவ்வொரு கிழங்கிலும்
கருநீலக் கன்றல்.
வெட்டி எறியாமல்
அப்படியே அவன் தட்டில் வைத்தேன்.
உப்பு கேட்டான்.

ஜூனில் செர்ரி மரத்து ஏணி சறுக்கி
அவன் தோள்பட்டை எலும்பு முறிந்தது.
தொட்டில் கட்டிய கையோடு
எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகவேண்டும்.
பஸ் இல்லாத ஞாயிறு போல ஒரு புதன்கிழமை.
என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது.
எழுபத்தொன்பதில் எடுத்தது,
படத்தில் ஒல்லியாக இருப்பேன்.
சாவியை நீட்டியபோது
சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஜெல்லில் அவனே உட்கார்ந்தான்.
அவன் தகட்டில் அவனே காலை வைத்தான்.
ஹெட்விகாவிடம் கேட்ட மன்னிப்பில் சாய்ந்தான்.

முதல் திருப்பத்தில்
இரண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கொண்டன.
மரம் அறுக்கும் ஆலைக்குப் பக்கத்தில்
என் முதுகை இரண்டுமுறை தட்டினான்.
நிறுத்தினேன்.
இறங்கினான். முகம் மாவு பூசியதுபோல் இருந்தது.
வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தான்,
வேறு யாருடைய வண்டியையோ பார்ப்பதுபோல்.
பிறகு சொன்னான்:

"பள்ளம் வருகிறதென்று
நீ சொல்லவே இல்லையே."

ஆலைக்குள் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.
முப்பத்தொரு வருடம்.
சிரிப்பதா, அந்த நல்ல தோளிலும்
ஒன்று வைப்பதா என்று யோசித்தேன்.
"ஏறு" என்றேன்.

எலும்பு கூடிவிட்டது.
இப்போது பள்ளத்துக்கு முன்னால்
இடது முழங்கை லேசாக உயரும்,
கோழி இறகு ஒதுக்குவதுபோல்.
பல்லைக் கடித்துக்கொள்வேன்.
வண்டி குதிக்கும்.
வலி என்னவோ அதே வலிதான்.
ஆனால் சொல்லிவிட்டு வருகிறது.

நேற்று தபால் நிலையத்தில்
எனக்கு முன்னால் நடந்தவன்
திடீரென்று முழங்கையைத் தூக்கினான்.
கீழே பார்த்தேன்.
ஒரு படி.

இன்று காலையிலிருந்து கொட்டகையில்
தகரம் அறுபடும் சத்தம்.
நான் எதையும் குறை சொன்னதாக நினைவில்லை.
புதுப் பிஸ்கட் தட்டைக்
கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.