பத்துக்கு ஐந்து

பனியை வைத்து உவமை எதுவும் சொல்லிவிடாதே, இல்மரி.
குவோப்பியோ தெருக்களில் முப்பத்தோரு குளிர்காலம்
பனி தள்ளும் வண்டி ஓட்டியவள் நான்.
பனி வேறு, இது வேறு.
பனியைத் தள்ளினால் போகும்.

கால் தரையோடு ஒட்டிக்கொள்வது
வாசற்படியில்தான், லிஃப்ட் கதவில்தான்,
கடையில் காசு கொடுக்கும்போது
பின்னால் ஓர் ஆள் தொண்டையைச் செருமினால்தான்.
அகன்ற இடங்களில் அது நல்ல பிள்ளை.

நீச்சல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டான்.
காதில் அடைப்பு.
நெற்றியில் ஒட்டிய மூன்று வெள்ளி உருண்டைகளை
சுவரிலிருந்து ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.
திரையில் என் மூளை,
ஓடு நீக்கிய வால்நட் மாதிரி,
எனக்கு முதுகைக் காட்டி.

எட்டு எழுதியது போல் வளைந்த செம்புக் கம்பி,
நீல உறைக்குள்.
தலையின் இடப்பக்கம் வைத்து
வலக் கட்டைவிரலின் வீட்டைத் தேடினான்.
டக்.
ஒன்றுமில்லை.
டக். சுண்டுவிரல்.
டக். மணிக்கட்டு, லேசாக.
கதவு எண் இல்லாத தெருவில் தபால்காரன் போல
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து,
டக்.
மடியில் கிடந்த விரல் துள்ளியது.
மீன் போல என்று சொல்ல மாட்டேன்;
யாரோ பெயர் சொன்னதும்
சட்டென்று திரும்பிப் பார்க்கிற ஆள் போல.

பயந்துவிட்டீர்களா என்று கேட்டான்.
பயமா?
என்னைக் கேட்காமல் என் கை ஆடுவது
ஆறு வருடப் பழக்கம்.
இது ஒரே ஒரு தடவை ஆடி, நின்றது.
அந்த நிற்பதுதான் புதுசு.

வண்டியில் தகட்டை உயர்த்தும் பொத்தான்
அந்த விரலுக்குக் கீழேதான் இருந்தது.
பாதாளச் சாக்கடை மூடி வந்தால் ஒரு அழுத்து,
தாண்டியதும் இன்னொன்று.
எந்தத் தெருவில் எத்தனை மூடி என்று
அதற்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

பத்து முறை தட்டினால் ஐந்து முறை விரல் எழ வேண்டும்,
அதற்கு எவ்வளவு பலம் போதுமோ
அதுதான் உங்கள் அளவு என்றான்.
எங்கள் மொழியில் அந்த அளவுக்கும்
வாசற்படிக்கும் ஒரே சொல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு ஐம்பத்து மூன்று.

தாளில் எழுதியிருந்தது:
பாதிப் பேருக்கு நிஜக் காந்தம்,
பாதிப் பேருக்கு வெறும் சத்தம்,
யாருக்கு எது என்பது இல்மரிக்கும் தெரியாது.
கையெழுத்துப் போட்டேன்.
ஆவுனே என்று ஆளாகத் தொடங்கியது,
குடும்பப் பெயர் முடிவதற்குள் எறும்பாகிவிட்டது.

பத்து நாள், நாளுக்கு இருபது நிமிடம்.
நான்காம் நாள் கோட்டின் மேல்பொத்தானை நானே போட்டேன்.
ஆறாம் நாள் காப்பி சிந்தவில்லை.
ஒன்பதாம் நாள் சிந்தியது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை.
காந்தம் பிடித்துக்கொண்டதே என்றாள்
கீழ்வீட்டு ராயிலி.

ஏப்ரலில், ஏரியின் பனிக்கட்டி
கறுக்கத் தொடங்கிய வாரம், கடிதம் வந்தது.
எனக்கு வாய்த்தது வெறும் சத்தம்.

சிரித்தேன்.
பிறகு கொஞ்சம் கோபம், அந்தப் பொத்தான் மேல்.
ராயிலியிடம் சொல்லவில்லை.

விருப்பமிருந்தால் மே மாதம் நிஜமானதைத் தருவார்களாம்.
போவேன்.
விரலின் வீடு அவனுக்குத் தெரியும்.

ஆனால் இதை எந்தத் தாளில் எழுதுவது:
நேற்று லிஃப்ட் திறந்தது.
உள்ளே ராயிலியும் அவளுடைய கிழட்டு நாயும்.
கால் ஒட்டிக்கொண்டது.
கதவு மூட வந்தது, ராயிலி கை நீட்டித் தடுத்தாள்,
மறுபடி மூட வந்தது.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
டக் என்றேன்.
வலது கால் போனது.
டக். இடது.

தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று
நாய் எழுந்து நின்றது.